வேதத்தில் கப்பல் வந்தால் எப்படி வாசிப்பது: ஒரு பழைய சுக்கானியின் குறிப்புகள்

சரக்குக் கப்பல்களில் 22 வருஷம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் சுக்கான் பிடிக்கிற வேலை. கரையோடு ஒதுங்கிய பிறகு தூத்துக்குடியில் எங்கள் சபையில் சனிக்கிழமை சாயங்காலம் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். பதினைந்து இருபது பேர் வருவார்கள். உப்பளத்தில் வேலை பார்ப்பவர்கள், துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர்கள், ரிட்டயர்டான டீச்சரம்மா இரண்டு பேர், கடலுக்குப் போகிற வீடுகளிலிருந்து சில பெண்கள். "கப்பல், படகுன்னு வர்ற இடத்தையெல்லாம் எப்படி வாசிக்கணும்னு ஒரு தடவை எழுதிக் கொடுத்துருங்க அண்ணாச்சி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதுதான் இது.

எழுத உட்கார வைத்தது ஒரு பிரசங்கம். எந்த ஊர், யார் என்பது வேண்டாம். இயேசு நம் மாலுமி என்று ஆரம்பித்தார். சரி. ஐந்து நிமிஷம் கழித்து இயேசுவே நங்கூரம். அப்புறம் அவரே பாய்மரம், அவரே சுக்கான், அவரே கலங்கரை விளக்கம், கடைசியில் அவரே துறைமுகம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளி, என்னோடு ஒரே கப்பலில் இருந்தவன், என் காதில் மெதுவாகக் கேட்டான்: "அப்போ தண்ணிக்குள்ள கிடக்கிறது யாருலே, மேல நின்னு ஓட்டுறது யாரு?"

ஆகவே என் வகுப்பில் ஒரே வரிசைதான். முதலில் கப்பலைப் பார்க்க வேண்டும். மரம், கயிறு, காற்று, ஆள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு அர்த்தத்துக்குப் போக வேண்டும்.

சாமான் அதிகம் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு அடிக்கோல், வேதாகமத்தின் கடைசியில் இருக்கிற பவுலின் பயணப் படம், நீலம் பச்சை சிவப்பு என்று மூன்று பேனா. வேதாகமம் பழைய மொழிபெயர்ப்பாக இருந்தால் நல்லது. புது மொழிபெயர்ப்புகள் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் பழையதில் கடற்கரைச் சொல் அப்படியே கிடக்கிறது. பின்னணியம் (கப்பலின் பின்பக்கம்), முன்னணியம் (முன்பக்கம்), தண்டு வலித்தல் (துடுப்புப் போடுதல்), விழுது விடுதல், பாகம், கொண்டல். மொழிபெயர்த்தவர்கள் கடலோரத்துக்காரர்களிடம் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

பேனா மூன்றும் எதற்கு என்றால், பொருளாக இருப்பதற்கு நீலம். பலகை, கயிறு, காற்றின் பெயர், ஆள் கணக்கு. வேதமே "இது அதற்கு அடையாளம்" என்று வாய்விட்டுச் சொல்கிற இடத்துக்குப் பச்சை. பிற்காலத்துப் பிதாக்கள் சொன்னது, போதகர் சொன்னது, நமக்கே தோன்றுவது எல்லாம் சிவப்பு. சிவப்பு தப்பு என்று நான் சொல்லவில்லை. சிவப்பு என்று தெரிந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக் கோடு போட்டுப் பார்க்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு அதிர்ச்சி வரும். பச்சை ரொம்பக் குறைவு. "படகு என்றால் திருச்சபை" என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோமே, சுவிசேஷங்களில் தேடிப் பாருங்கள், ஒரு இடத்திலும் அப்படிச் சொல்லவில்லை. கி.பி. 200ஐ ஒட்டி, ஞானஸ்நானத்தைப் பற்றி எழுதும்போது தெர்த்துல்லியன் என்ற ஆதிச்சபை எழுத்தாளர் சொல்கிறார். சீஷர்கள் இருந்த அந்தப் படவு சபைக்கு முன்னடையாளம், கடல் இந்த உலகம் என்று. அருமையான சிவப்பு. ஆனாலும் சிவப்பு.

சரி, ஆதியிலிருந்து வருவோம். நோவாவின் பேழை. ஓய்வுநாள் பாடசாலைப் படங்களில் நோவா தாடியோடு சக்கரத்தைப் பிடித்துக் கப்பல் ஓட்டிக்கொண்டிருப்பார். ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தில் நீலப் பேனாவை வைத்துப் பாருங்கள். நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. மூன்று தட்டு, ஒரு கதவு, ஒரு ஜன்னல், உள்ளும் புறமும் கீல், அதாவது தார்ப் பூச்சு. சுக்கான் உண்டா? இல்லை. பாய்? தண்டு? நங்கூரம்? எதுவுமே சொல்லப்படவில்லை. அது கப்பலே இல்லை, மிதக்கிற பெட்டி. கதவைக்கூட நோவா சாத்தவில்லை, 7:16-இல் "கர்த்தர் அவனை உள்ளேவிட்டுக் கதவை அடைத்தார்" என்று இருக்கிறது. எபிரெயத்தில் இதற்குத் 'தேவா' என்று பெயர். இதே சொல் இன்னும் ஒரே ஒரு பொருளுக்குத்தான் வேதத்தில் வருகிறது. மோசேயை வைத்து நதியோரத்தில் விட்டார்களே, அந்த நாணற்பெட்டிக்கு. அதற்கும் கீல் பூசினார்கள், அதற்கும் சுக்கான் கிடையாது. தமிழில் ஒன்று பேழை, இன்னொன்று பெட்டி என்று வந்துவிட்டதால் நமக்கு இந்த உறவு தெரிவதில்லை. இன்னொரு பக்கம், உடன்படிக்கைப் பெட்டியை உடன்படிக்கைப் பேழை என்றும் சொல்கிறோம். எபிரெயத்தில் அது வேறு சொல். அதை நோவாவோடு முடிச்சுப் போட வேண்டாம்.

பேழைக்குப் பச்சை உண்டு. 1 பேதுரு 3:20, 21-இல் எட்டுப்பேர் காக்கப்பட்டதை ஞானஸ்நானத்துக்கு ஒப்பாகச் சொல்கிறார். கோடு போட்டுவிட்டு நகரலாம்.

இப்போது யாக்கோபு 3:4. இது என் தொழில், கொஞ்சம் நிற்கிறேன். "கப்பல்களையும் பாருங்கள், அவைகள் மகா பெரியவைகளாயிருந்தாலும், கடுங்காற்றுகளால் அடிபட்டாலும்... மிகவும் சிறிதான சுக்கானாலே திருப்பப்படும்." நாவுக்கு உவமை. யாக்கோபே சொல்லிவிட்டதால் பச்சை. சின்ன உறுப்பு, பெரிய விளைவு என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போவார்கள். முதல் தடவை நான் சுக்கான் பிடித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். சரக்கு ஏற்றி ஆழமாக உட்கார்ந்திருந்த கப்பல். அதிகாரி "போர்ட் டென்" என்றார், சுக்கானை இடப்பக்கம் பத்து டிகிரி திருப்பு என்று அர்த்தம். சக்கரத்தைத் திருப்பினேன். முனை அசையவில்லை. எனக்குப் பதற்றம், இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அப்புறம் மெதுவாக முனை நகர ஆரம்பித்தது, நகர்ந்ததும் நிற்க மாட்டேன் என்கிறது. அந்தப் பக்கம் திருப்பினேன், அது அந்தப் பக்கம் ஓடியது. அதிகாரி ஒன்றும் திட்டவில்லை. "பின்னால போய்ப் பார்த்துட்டு வா" என்றார். எட்டிப் பார்த்தால், கப்பல் கடந்து வந்த தண்ணீர்த் தடம் பாம்பு போனமாதிரி வளைந்து வளைந்து கிடந்தது.

சுக்கானின் சுபாவம் அதுதான். திருப்பின கணத்தில் ஒன்றும் தெரியாது. தெரிகிற நேரத்தில் கப்பல் போய்க்கொண்டிருக்கும். வீட்டில் ஒரு வார்த்தை விட்டுவிட்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உவமை எனக்குத் தெரியாது. யாக்கோபு கப்பலேறினவரா என்று தெரியாது, ஆனால் வசனத்தின் நடுவில் ஒரு சொல்லை வைத்திருக்கிறார்: "அவைகளை நடத்துகிறவன் போகும்படி யோசிக்கும் இடம்". சுக்கான் தானாக முடிவெடுப்பதில்லை. பிடித்திருக்கிறவன் எங்கே போக நினைக்கிறான் என்பதுதான் கேள்வி. வகுப்பில் இந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போடச் சொல்வேன்.

வேதமே கொடுக்கிற உவமையில் பெரும்பாலும் ஒரே ஒரு முனைதான் இருக்கும். சுக்கான் நாவு என்றால் பாய் என்ன, கொடிமரம் என்ன என்று நீட்டிக்கொண்டே போகாதீர்கள்.

நங்கூரமும் அப்படித்தான். எபிரெயர் 6:19, "நிலையும் உறுதியும் திரைக்குள்ளாகப் போகிறதுமான ஆத்தும நங்கூரம்". பச்சை. இதை விளக்கும்போது நங்கூரத்தின் கனம்தான் கப்பலைப் பிடிக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். கனம் மட்டும் இல்லை. ஆழத்தைப்போல ஐந்தாறு மடங்கு சங்கிலியை விடுவோம். அது கடலடியில் படுத்துக் கிடந்தால்தான் நங்கூரத்தின் நகம் மண்ணைக் கவ்வும். பிடித்திருக்கிறதா, இழுபடுகிறதா என்று மேலே நிற்கிறவனால் பார்க்க முடியாது. கரையில் இரண்டு விளக்கைக் குறி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்போம். விளக்கு நகரவில்லை என்றால் நங்கூரம் பிடித்திருக்கிறது. "திரைக்குள்ளாகப் போகிறது" என்பதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ராத்திரிக் காவல்தான் ஞாபகம் வரும். நங்கூரம் கிடக்கிற இடம் நம் கண்ணுக்கு மறைவு. அது இந்த வசனத்திலேயே இருக்கிறது.

ரோமில் பிரிஸ்கில்லா, தொமித்தில்லா என்கிற பூமிக்கடியிலுள்ள கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் நங்கூரத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், சில இடத்தில் மீனோடு சேர்த்து. ஆதிச்சபைப் பிதாக்களில் ஒருவரான அலெக்சந்திரியாவின் கிளெமெந்து, விசுவாசிகள் முத்திரை மோதிரத்தில் என்ன உருவம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பட்டியலே தருகிறார். புறா, மீன், காற்றில் ஓடுகிற கப்பல், யாழ், நங்கூரம். நங்கூரம் என்பது மறைத்து வரைந்த சிலுவை என்று சிலர் சொல்வார்கள். அது சிவப்பு.

கூடவே எபிரெயர் 2:1. "விட்டு விலகாதபடிக்கு" என்று தமிழில் இருப்பதில் கிரேக்கச் சொல் நீரோட்டத்தில் நழுவிப் போவதைக் குறிக்கும். கட்டு தளர்ந்த படகு யாருக்கும் தெரியாமல் துறையை விட்டுப் போகிற மாதிரி. தமிழில் அந்தக் கடல்வாடை போய்விட்டது. இதற்கு எதிராக இன்னொரு இடத்தில் தமிழ் கூடுதலாகக் கொடுக்கிறது. 1 தீமோத்தேயு 1:19-இல் "விசுவாசமாகிய கப்பலைச் சேதப்படுத்தினார்கள்" என்று இருக்கிறது அல்லவா? கிரேக்கத்தில் விசுவாசத்தில் அவர்கள் கப்பற்சேதம் அடைந்தார்கள் என்கிற அளவுக்குத்தான் இருக்கிறது. விசுவாசமே கப்பல் என்று விரித்துச் சொன்னது நம் மொழிபெயர்ப்பு. அதன்மேல் முக்கால் மணி நேரப் பிரசங்கம் கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கட்டட்டும்.

அப்போஸ்தலர் 27-க்கு வருவோம். பவுலைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகிற கப்பல் புயலில் சிக்கி உடைகிற கதை, லூக்கா எழுதினது. ஒரே வாரத்தில் முடிக்காதீர்கள். நான் நான்கு சனிக்கிழமை எடுப்பேன், முதல் மூன்றும் நீலப் பேனா மட்டும்தான்.

முதல் சனிக்கிழமை படமும் காலமும். செசரியாவிலிருந்து அதிராமித்தியம் ஊர்க் கப்பல், சீதோன், சீப்புரு தீவின் ஒதுக்கு, மீறா. அங்கே அலெக்சந்திரியாக் கப்பலுக்கு மாறுகிறார்கள். எகிப்துக் கோதுமையை ரோமுக்குக் கொண்டுபோகிற கப்பல். கிரேத்தா தீவில் நல்ல துறைமுகம் என்ற இடத்துக்கு வரும்போது "உபவாசநாளும்" கடந்துவிட்டது என்று லூக்கா எழுதுகிறார். யூதர்களின் பாவநிவிர்த்தி நாள், செப்டம்பர் அக்டோபரில் வருவது. ரோமப் போர்க்கலையைப் பற்றி எழுதிய வெகேத்தியுஸ், செப்டம்பர் 14-க்குப் பிறகு கடல் நம்பக்கூடாதது, நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை அடைபட்டது என்கிறார். அந்த ஒரு வரி தேதியைப் புரிந்துகொண்டால் மீதி அதிகாரம் முழுக்க ஒரு பயம் கூடவே வரும். பவுல் எச்சரிக்கிறார். கைதிகளைக் கூட்டிப்போகிற ரோமப் படை அதிகாரியான நூற்றுக்கு அதிபதி மாலுமியையும் கப்பல் எஜமானையும்தான் நம்புகிறான். அதற்காக அவனைத் திட்டாதீர்கள். கைதி ஒருவன் வந்து வானிலை சொன்னால் நானும் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் அந்தக் கைதி லேசுப்பட்டவர் இல்லை. இதற்கு முன்பே எழுதின 2 கொரிந்தியர் 11:25-இல் "மூன்றுதரம் கப்பற்சேதத்தில் இருந்தேன்" என்கிறார். இது நான்காவதாவது இருக்க வேண்டும்.

இரண்டாம் சனிக்கிழமை காற்று. "தென்றல் மெதுவாயடித்தபடியால், தாங்கள் கோரினது கைகூடிவந்ததென்று எண்ணி" கிளம்புகிறார்கள். தென்றல் என்றால் நமக்குப் பாட்டு ஞாபகம் வரும். இங்கே ஆளை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போவது அதுதான். கொஞ்ச நேரத்தில் யூரோக்கிலிதோன். வடகிழக்குக் காற்று, நம் ஊர்க் கணக்கில் வாடை என்கிற வடகாற்றும் கொண்டல் என்கிற கீழ்காற்றும் சேர்ந்தடிக்கிற மூலை. அங்கிருந்து அடித்தால் கப்பல் தென்மேற்கே, ஆப்பிரிக்கக் கரையின் சொரிமணலுக்கு ஓடும். அதனால்தான் அவர்களுக்கு அந்தப் பயம். அடிக்கோலை எடுத்து கிலவுதாத் தீவிலிருந்து மெலித்தா (இன்றைய மால்டா) வரை அளக்கச் சொல்வேன். சுமார் 880 கிலோமீட்டர். பதினாலாம் இராத்திரி கரை நெருங்கியது என்கிறார் லூக்கா. வகுத்துப் பாருங்கள், மணிக்கு இரண்டரை மூன்று கிலோமீட்டர்தான். ஒரு ஆள் நடக்கிற வேகத்துக்கும் குறைவு. பாயை இறக்கிவிட்டுக் காற்றுக்கு விட்ட கப்பல் அப்படித்தான் போகும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித் என்ற பாய்ப்படகுக்காரர் 1848-இல் இதே கணக்கைப் போட்டு வெளியிட்டார், அவருக்கும் பதின்மூன்று நாள் சொச்சம்தான் வந்தது. "ஆதிரியாக்கடல்" என்பதைப் பார்த்து இன்றைய ஏட்ரியாட்டிக் பக்கம் விரலை வைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் கிரேத்தாவுக்கும் சிசிலிக்கும் நடுவில் இருக்கிற கடலையும் அந்தப் பெயரால்தான் சொன்னார்கள். யூத வரலாற்றாசிரியர் யோசேப்புஸும் இதே ஆதிரியாவில்தான் கப்பல் முழுகித் தப்பினார். 600 பேரில் ஏறக்குறைய 80 பேரை வேறொரு கப்பல் ஏற்றிக்கொண்டதாக எழுதியிருக்கிறார். இந்தப் பக்கம் 276 பேரும் கரையேறினார்கள். 276-க்கு ரகசிய அர்த்தம் தேடுகிறவர்கள் உண்டு. கோதுமைக் கப்பலின் ஆள் கணக்கு, அதை அப்படியே விடுங்கள்.

மூன்றாம் சனிக்கிழமை கை வேலை. வகுப்பில் எல்லாருக்கும் பிடித்தது இதுதான். "விழுதுவிட்டு இருபது பாகமென்று கண்டார்கள்." விழுது என்றால் ஈயக்குண்டு கட்டின கயிறு. பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். ஒரு கயிறு கொண்டுவரச் சொல்லி, ஒருவரை நிற்கவைத்து, கை விரித்து விரித்து இருபது தடவை அளப்போம். ஹாலுக்குள் இடம் போதாது, வாசல் தாண்டித் தெருவுக்குப் போகும். ஏறக்குறைய 37 மீட்டர். அப்புறம் பதினைந்து. கயிற்றை இவ்வளவு மடக்கினதும் முகங்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். இருட்டில் அடி இவ்வளவு வேகமாக மேலே வருகிறது என்றால் பாறை எங்கேயோ பக்கத்தில் இருக்கிறது. யாரும் சொல்லாமலே புரியும்.

உடனே "பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரங்களை" போடுகிறார்கள். வழக்கமாக முன்னால் போடுவதைப் பின்னால் ஏன் போட்டார்கள்? முன்னால் போட்டால் கப்பல் திரும்பி முகம் காற்றைப் பார்க்கும். பின்னால் போட்டால் முகம் கரையைப் பார்த்தே நிற்கும். விடிந்ததும் நேராகக் கரையில் ஓட்டிவிடலாம். கைதேர்ந்த வேலை. கப்பலாட்கள் நங்கூரம் போடுகிற பாவனையில் சின்னப் படவை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். பவுல் சொல்கிறார்: "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப்பிழைக்கமாட்டீர்கள்." இதைச் "சபையை விட்டுப் போகாதீர்கள்" என்பதற்கு எடுப்பார்கள். நோட்டில் சிவப்பில் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் நீலத்தைத் தவறவிடாதீர்கள். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தூதன் சொன்னதைக் கொஞ்சம் முன்னால்தான் பவுல் எல்லாருக்கும் அறிவித்தார். அதே பவுல், தொழில் தெரிந்தவன் தளத்தில் நிற்க வேண்டும் என்கிறார். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகிறது.

அதே நங்கூரத்தை விடிந்ததும் அறுத்துக் கடலில் விட்டுவிடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பிடித்துக்கொள்ள வேண்டிய நேரமும் உண்டு, அறுத்துவிட வேண்டிய நேரமும் உண்டு. எபிரெயர் நிருபத்தின் நங்கூரத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் விவகாரமாகிவிடும்.

இந்த அதிகாரத்தில் நானே ஒரு தப்புச் செய்திருக்கிறேன். 40-ஆம் வசனத்தில் "சுக்கான்களுடைய கட்டுகளைத் தளரவிட்டு" என்று பன்மையில் இருக்கிறது. கப்பலில் வேலை பார்த்த காலத்தில் கூட்டாளிகளிடம், லூக்கா வைத்தியர், கப்பல் தெரியாது, ஒரு சுக்கானைப் பலவாக எழுதிவிட்டார் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை இத்தாலியில் சரக்கு இறக்க நாலைந்து நாள் நின்றோம். ஒரு நாள் கரை விடுமுறையில் ரோமுக்குப் பக்கத்திலுள்ள பழைய துறைமுகம் ஓஸ்தியாவுக்குப் போனேன். அங்கே கப்பல் வியாபாரிகளின் சதுக்கம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கடை முன்னாலும் தரையில் கறுப்பு வெள்ளைக் கல் பதித்துக் கப்பல் படம். குனிந்து பார்த்தால், பின்னணியத்தில் பக்கவாட்டில் பெரிய துடுப்பு மாதிரி சுக்கான். அந்தக் காலத்துக் கப்பலுக்கு வலது ஒன்று, இடது ஒன்று, இரண்டு சுக்கான். நங்கூரம் போட்டிருக்கும்போது தூக்கிக் கட்டிவைப்பார்கள், கிளம்பும்போது கட்டைத் தளர்த்துவார்கள். லூக்கா எழுதினது சரி. வெயிலில் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

நான்காம் சனிக்கிழமைதான் சிவப்புப் பேனா. அதற்கு நான் ஹிப்போலித்து என்ற ஆதிச்சபைப் பிதாவைக் கொண்டுவருவேன். கி.பி. 200ஐ ஒட்டி எழுதியவர். உலகம் கடல், சபை கப்பல், அலைக்கழியும், அழியாது என்கிறார். கப்பல் நடுவில் சிலுவை. இரண்டு சுக்கானும் இரண்டு ஏற்பாடுகள். ஒரே சுக்கான் உள்ள கப்பலை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால் இது அர்த்தமே ஆகாது. ஓஸ்தியாவின் தரையைப் பார்த்த பிறகு, ஒன்று மட்டும் பிடித்தால் எப்படி இழுக்கும் என்று கையிலேயே தெரிகிறது. இன்னொன்றும் சொல்கிறார். கப்பலைச் சுற்றி இழுத்துக் கட்டின கயிறுகள் கிறிஸ்துவின் அன்பு, அதுதான் சபையைச் சேர்த்துக் கட்டுகிறது என்று. அப்போஸ்தலர் 27:17-ஐத் திருப்பிப் பாருங்கள்: "பல உபாயங்கள் செய்து, கப்பலைச் சுற்றிக் கட்டி". அலை அடித்துப் பலகை பிளக்கிற நேரத்தில் அடிவயிற்றோடு கயிற்றைச் சுற்றி இறுக்குவது. ஓரத்தில் தொங்குகிற அலங்காரக் கயிறு இல்லை அது. கப்பல் விட்டுப்போகப் போகிறது என்று தெரிந்தபோது கட்டுகிற கயிறு. மூன்று வாரம் நீலத்திலேயே கிடந்ததற்கு இந்த ஒரு வரியில் கூலி கிடைத்துவிடும்.

35-ஆம் வசனத்தில் பவுல் அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் பண்ணி, பிட்டுப் புசிக்கிறார். இது இராப்போஜனமா, வெறும் சாப்பாடா என்று வகுப்பில் ஒவ்வொரு தடவையும் சண்டை வரும். சொற்கள் இராப்போஜனத்தின் சொற்கள்தான். ஆனால் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் சேவகர்களும் கைதிகளும் கப்பலாட்களும். பதினாலு நாள் பட்டினி. நான் தீர்ப்புச் சொல்வதில்லை. சாப்பிட்டு முடித்ததும் மிச்சக் கோதுமையைக் கடலில் கொட்டினார்கள் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துவேன்.

கலிலேயாப் படகுகளுக்கு ஒரு வாரம் போதும். கடல் என்கிறோமே தவிர அது ஏரி. நீளம் 21 கிலோமீட்டர், அகலம் 13. கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே பள்ளத்தில் கிடக்கிறது, சுற்றிலும் மலை. காற்று மலையிலிருந்து திடீரென்று விழும். 1986-இல் மழையில்லாமல் தண்ணீர் வற்றியபோது கினோசர் பக்கத்தில் சேற்றுக்குள்ளிருந்து அந்தக் காலத்துப் படகு ஒன்று கிடைத்தது. நீளம் 8.27 மீட்டர், அகலம் 2.3. பல வகை மரத்துண்டை ஒட்டுப்போட்டு, திரும்பத் திரும்பப் பழுது பார்த்து ஓட்டியிருக்கிறார்கள். வசதியில்லாதவன் படகு. அது பேதுருவின் படகு என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை, அப்படிச் சொல்லாதீர்கள். ஆனால் தரையில் சாக்பீஸால் அந்த அளவுக்குக் கோடு போட்டுப் பதின்மூன்று பேரை உள்ளே உட்காரச் சொல்லுங்கள். முழங்கால் இடிக்கும். அதற்குள், புயல் நடுவில், இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். அப்புறம் மாற்கு 4:38-ஐ வாசிக்கச் சொல்லுங்கள்: "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா". தொனி தானாக வரும்.

அதற்கு இரண்டு வசனம் முன்னால் "வேறே படவுகளும் அவரோடேகூட இருந்தது" என்று ஒரு வரி இருக்கிறது. பிரசங்கத்தில் யாரும் தொடுவதில்லை. நம் படகுதான் சபை என்றால், அதே புயலில் பக்கத்தில் மிதந்த அந்தப் படகுகள் யார்? காற்று நின்றது அவர்களுக்கும் சேர்த்துத்தானே? கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள்.

யோனாவை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அங்கேயும் புயல், அங்கேயும் கீழே ஒருவன் தூக்கம், அங்கேயும் எழுப்புகிறார்கள். எபிரெயத்தில் 'இறங்கினான்' என்ற ஒரே வினை யோனாவைத் துரத்திக்கொண்டே வரும். யோப்பாவுக்கு இறங்கினான், கப்பலுக்குள் இறங்கினான், கீழ்த்தட்டுக்கு இறங்கினான், கடைசியில் மலைகளின் அடிவாரம் வரை. யோனா 1:13-ஐயும் விட்டுவிடாதீர்கள். அந்நிய தெய்வங்களைக் கும்பிடுகிற கப்பற்காரர்கள் அவனைத் தூக்கிப் போட மனசில்லாமல் கரைக்குப் போகத் தண்டு வலித்தார்கள். எங்கள் ஆட்கள் என்பதால் எனக்கு அந்த வசனத்தில் ஒரு தனிப் பிரியம்.

எசேக்கியேல் 27-இல் தீரு பட்டணமே ஒரு கப்பல். தீர்க்கதரிசியே அப்படிச் சொல்வதால் அதிகாரம் முழுக்கப் பச்சை. லீபனோனின் கேதுரு பாய்மரம், பாசானின் கர்வாலி தண்டு, எகிப்தின் சணல்நூல் பாய். சரக்குப் பட்டியல் மட்டும் ஒரு பக்கம். ஆசை ஆசையாகக் கப்பலைக் கட்டிக் காட்டிவிட்டு, நடுச்சமுத்திரத்தில் கொண்டற்காற்று அதை உடைத்துவிட்டது என்கிறார். சத்தமாக வாசித்தாலே போதும், விளக்கம் தேவைப்படாது.

கடைசியில் வெளிப்படுத்தின விசேஷம் 21:1. "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று." போன வருஷம் இதை வாசித்தபோது ஒரு ஆச்சி எழுந்தார்கள். புருஷனும் இரண்டு மகன்களும் கடலுக்குப் போனவர்கள், ஒரு மகன் திரும்பவில்லை. "ஏய்யா, கடலு இல்லாமப் போச்சுன்னா, அங்க போயி எங்க ஆளுக என்ன செய்வாக?" என்றார்கள். நான் தயாராக வைத்திருந்த விளக்கத்தைச் சொன்னேன். அந்தப் புத்தகத்தில் கடலிலிருந்துதான் மிருகம் எழும்பும், பாபிலோனின் சரக்குக் கப்பல்கள் ஓடினதும் அதில்தான், எழுதின யோவான் பத்மு தீவில் நாலு பக்கமும் கடல் சூழ அடைபட்டுக் கிடந்தவர், அவருக்குக் கடல் என்பது பிரிவு என்று. எல்லாம் சரியான விளக்கம்தான். ஆச்சி தலையை ஆட்டினார்கள். "அவுகளுக்குச் சரி. பையன் அதுக்குள்ளதானே கெடக்கான்" என்றார்கள். டீச்சரம்மா ஒருவர் சட்டென்று அதே புத்தகத்தில் 20:13-ஐத் திருப்பி வாசித்தார்: "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." அது கடல் இல்லாமற்போவதற்கு முன்னால் வருகிறது. இத்தனை வருஷமாக இந்த இரண்டு வசனத்தையும் சேர்த்து நான் வாசித்ததில்லை. ஆச்சி அந்தப் பக்கத்தை மடக்கி வைத்துக்கொண்டார்கள். நோட்டில் அதற்கு என்ன நிறம் என்று யாரும் கேட்கவில்லை.